முதல் மாத உதவித்தொகை எப்போது வரும்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் சேர நினைக்கும் மாணவர்களுக்கு என்னென்ன உதவித்தொகைகள் இருக்கின்றன என்று உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொகைகளைச் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனால் 42,000 ரூபாய், விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரி முதல் இந்தக் கணக்கு; அதற்கு முன்பு 31,000, 35,000 என்று இருந்தது. எங்கள் தெருப் பையன் ஒருவன் அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "அத்தை, இது நெசந்தானா?" என்று கேட்டான். நிஜம்தான். ஆனால் ஆய்வில் சேர்ந்து எத்தனையாவது மாதத்தில் அந்தப் பணம் முதன்முதலாகக் கைக்கு வரும் என்று கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், முன்பணம் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்தில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

நான் தென்தமிழகத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பேராசிரியர் இல்லை, முனைவரும் இல்லை. பி.காம். முடித்து இளநிலை உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவள். பதிவுக் கட்டணம் கட்டிய செலானிலிருந்து வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த அறிக்கை வரைக்கும் ஆய்வு மாணவர்களின் காகிதம் எல்லாம் எங்கள் மேஜை வழியாகத்தான் போகும். உதவித்தொகை பெறுகிறவர்களின் மாதப் பட்டியலை இணையதளத்தில் ஏற்றுகிற வேலையும் கடைசிக் காலத்தில் என்னிடம்தான் இருந்தது.

முதலில் ஒரு விஷயம். ஆய்வில் சேர்கிற எல்லோருக்கும் பணம் வருகிறது என்று வெளியில் ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் சேர்ந்தவர்களுக்கும் மாதம் 8,000 ரூபாய் உண்டு. 2015 அக்டோபரில் அதை நிறுத்தப் போகிறோம் என்று யுஜிசி சொன்னபோது டெல்லியில் மாணவர்கள் அதன் அலுவலக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், உங்கள் பத்திரிகையிலும் படம் வந்தது. போராடிக் காப்பாற்றிய தொகை பத்தாண்டுக்கு மேலாகியும் அதே 8,000தான். அதுவும் திருவாரூரில் படிப்பவருக்குக் கிடைக்கும், புதுச்சேரியில் படிப்பவருக்குக் கிடைக்கும். எங்களைப் போன்ற மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்குக் கிடைக்காது. பாடம் ஒன்று, விதிமுறை ஒன்று, எழுதுகிற ஆய்வேட்டின் தடிமனும் ஏறக்குறைய ஒன்றுதான்.

மாநில அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முழுநேரமாகப் படித்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை இருக்கிறது. முன்பு அது 50,000 ஆக இருந்தது. முதலமைச்சரின் ஆராய்ச்சி உதவித்தொகைத் திட்டத்துக்கு 2023இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 120 இடங்களுக்கு அறிவிப்பு வெளியிட்டது. மாதம் 25,000 ரூபாய், அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் சேருகிறவர்களுக்கு. நல்ல திட்டம். ஆனால் 120 என்பதை மாவட்ட வாரியாகப் பிரித்துப் பாருங்கள், ஒரு மாவட்டத்துக்கு மூன்று பேர் தேறுவார்கள். சிறுபான்மையினருக்கு இருந்த மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022-23ஆம் ஆண்டு முதல் புதியவர்களுக்கு இல்லை என்றாகிவிட்டது. ஆகவே பாதிக்கு மேல் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் படிக்கிறார்கள். தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு பார்ட் டைமாகப் பதிவு செய்தவர்கள் சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி வந்து, அலுவலகம் பூட்டியிருக்கிறதே என்று நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, பணம் உறுதியாகக் கிடைத்தவர்களின் கதைக்கு வருகிறேன். அவர்களுக்கு என்ன குறை என்றுதானே தோன்றும்? எனக்கும் அந்த நாற்காலியில் உட்காரும்வரை அப்படித்தான் தோன்றியது.

நெட் தேர்வு இப்போது மூன்று வகைத் தகுதி தருகிறது. ஜேஆர்எஃப், உதவிப் பேராசிரியர் தகுதி, வெறும் ஆய்வுச் சேர்க்கைக்கான தகுதி. 2024 ஜூன் தேர்விலிருந்து இப்படி. பின்னிரண்டு வகையில் தேறியவர்களுக்குச் சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்முகத்துக்கு 30. முறை மாறிய முதல் தேர்வே ஜூன் 18இல் நடந்து மறுநாள் ரத்தாகி, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி நடந்து, அக்டோபரில்தான் முடிவு வந்தது. தேர்வில் இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழ் இலக்கியம் எடுத்தவருக்கு இரண்டாம் தாள் தமிழில் வரும். முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். சிலப்பதிகாரத்தை உரையோடு ஒப்பிக்கிற பிள்ளை, அட்டவணையைப் பார்த்து விழுக்காடு கணக்குப் போடச் சொல்லும் ஆங்கிலக் கேள்வியில் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வரும்.

தேறிய பிறகு கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், தேட வேண்டும். பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் ஒரு நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. இதெல்லாம் 2022 நவம்பரில் வந்த யுஜிசி ஒழுங்குமுறையில் தெளிவாக இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஓய்வுபெற்றவர்களின் இடங்களே நிரப்பப்படாமல் கிடக்கும்போது, இருக்கிற நாலைந்து பேரிடம் இடம் எங்கே இருக்கும்? "அடுத்த வைவா முடிஞ்சதும் ஒரு இடம் வரும், பொறுத்துக்கோம்மா" என்று பேராசிரியர்கள் சொல்வார்கள். ஜேஆர்எஃப் கடிதத்துக்கு மூன்று ஆண்டு ஆயுள். அதில் ஓராண்டு இந்தப் பொறுத்தலிலேயே கழிந்துவிடுகிறவர்கள் உண்டு. கைடு கிடைத்து, நேர்முகம் முடிந்து, கட்டணம் கட்டி, ஆய்வுக் குழு கூடி, தலைப்பை ஒப்புக்கொண்டு, பதிவு ஆணை கையில் வாங்கும்போது வீட்டில் இனிப்பு கொடுத்திருப்பார்கள். அந்த ஆணையோடு சேர்த்து மாதம் 37,000 ரூபாய் என்றும் ஊருக்கே சொல்லியிருப்பார்கள்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர், ஊர் வேண்டாம். அம்மா பீடி சுற்றுகிறவர். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் துறை தருகிற உதவித்தொகையில் பள்ளிக்கூடம் படித்து, கல்லூரியும் முடித்த பெண். வில்லுப்பாட்டில் ஆய்வு. நெட்டில் ஜேஆர்எஃப். ஆடி மாதத்தில் முழுநேரமாகச் சேர்ந்தாள். பதிவுக் கட்டணத்துக்கும் முதல் பருவக் கட்டணத்துக்கும் விடுதி டெபாசிட்டுக்கும் அம்மாவின் கம்மலைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்தார்கள். இரண்டு மாதத்தில் மீட்டுவிடலாம் என்று கணக்கு. முதல் பணம் வந்தது சித்திரை பிறந்த பிறகு.

இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், ஊழல் இல்லை, லஞ்சம் இல்லை, யாரும் அவளைத் திட்டக்கூட இல்லை. காகிதம் நடந்தது, அவ்வளவுதான். சேர்ந்ததற்கான ஜாயினிங் ரிப்போர்ட்டில் கைடு கையெழுத்து, துறைத் தலைவர் கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து. துறைத் தலைவர் கருத்தரங்குக்குப் போயிருந்தார். பதிவாளர் பொறுப்பில் இருந்தவர் மாறினார். எங்கள் பிரிவுக்கு வந்த பிறகு, யுஜிசிக்காக ஒரு பொதுத்துறை வங்கி நடத்துகிற இணையதளத்தில் அவளுடைய விவரத்தை நாங்கள் ஏற்ற வேண்டும். அங்கே 'மேக்கர்' என்று ஒருவர், 'செக்கர்' என்று ஒருவர். மேக்கர் ஏற்றுவார், செக்கர் சரிபார்த்து ஒப்புதல் கொடுப்பார். நான் மேக்கர். செக்கராக இருந்த உதவிப் பதிவாளரை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். புதியவருக்கு யூசர் ஐடி வாங்கக் கடிதம் எழுதி, நினைவூட்டல் எழுதி, அது வந்து சேர்வதற்குள் பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் பணம் போகவில்லை.

அதற்கப்புறம் பெயர்ச் சிக்கல். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மு. செல்வி. ஆதாரில் செல்வி முருகன். வங்கிப் புத்தகத்தில் செல்வி எம். நெட் விண்ணப்பம் போட்ட பிரவுசிங் சென்டர்க்காரர் தன் இஷ்டத்துக்கு முருகன் செல்வி என்று அடித்திருப்பார். நான்கும் ஒரே ஆள் என்று மனிதருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் பணம் போகும், பெயர் ஒத்துவராவிட்டால் திரும்பி வந்துவிடும். திரும்பி வந்த செய்தியும் அந்த மாணவிக்குப் போகாது; எங்கள் திரையில் ஒரு மூலையில் சிவப்பாக இருக்கும், யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. தமிழ்நாட்டில் இந்தச் சிக்கலில் மாட்டாத ஜேஆர்எஃப் மாணவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே நாலு தாளிலும் பெயரை ஒன்றாக்கிவிடுங்கள் என்று கல்லூரிகளில் யாராவது சொல்லிக்கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

அந்தப் பெண் வாரம் ஒருமுறை எங்கள் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள். உள்ளே வரச் சொன்னாலும் வர மாட்டாள். "மேடம், ஏதும் தகவல் உண்டா? எங்கம்மா கேட்டுக்கிட்டே இருக்காவ" என்பாள். ஒருநாள், "வீட்டுல நான் பொய் சொல்றேன்னு நெனைக்காவ மேடம்" என்றாள். ஊரில் எல்லோரிடமும் மாதம் முப்பத்தேழாயிரம் என்று சொல்லியாகிவிட்டதே. மகள் அந்தப் பணத்தை என்ன செய்கிறாள் என்று சொந்தக்காரர்கள் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த வாரமே அம்மா மகளைப் பார்க்க வந்திருந்தார். இடது கை விரல் நுனியெல்லாம் இலை வெட்டித் தடித்துப்போயிருந்தது. என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்து, கணினித் திரையைத் திருப்பிக் காட்டி, இதோ பாருங்கம்மா உங்கள் மகள் பெயர், இதோ தொகை, இன்னும் அனுப்பவில்லை, ஆனால் வரும் என்று சொன்னேன். திரையை வாசிக்கத் தெரியாவிட்டாலும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கெவர்மெண்டு பணம் வரும்தா, ஆனா கடைக்காரன் அதுவரைக்கும் பொறுக்க மாட்டாம்லா" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பணம் போய்விடாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேர்ந்த தேதியிலிருந்து கணக்கிட்டு நிலுவை மொத்தமாக வரும். எட்டு மாதம் என்றால் 2,96,000 ரூபாய், வாடகைப்படி தனி. அவளுக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அந்த எட்டு மாதம் அவள் என்ன செய்து சாப்பிட வேண்டும்? முழுநேர உதவித்தொகை பெறுகிறவர் சம்பளத்துக்கு வேறு வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. சேரும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். விதி நியாயமானது, பணம் கொடுக்கிறவர் முழு உழைப்பையும் கேட்கிறார். பணம் கொடுக்காத மாதங்களிலும் அதே விதி நிற்கிறதே, அதுதான் எனக்கு உறுத்தல். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த மாதப் பட்டியலில் பெயர் ஏறாது. ஆகவே வகுப்புக்கு வந்தாக வேண்டும், கோர்ஸ் வொர்க் தேர்வு எழுதியாக வேண்டும், மெஸ் பில் கட்டியாக வேண்டும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இது ஒரு சிறிய எரிச்சல். அப்பா அனுப்புவார், நிலுவை வந்ததும் பைக் வாங்குவார்கள். கம்மலை வைத்துச் சேர்ந்த பிள்ளைக்கு முதல் எட்டு மாதமே முடிவைத் தீர்மானித்துவிடும். ஜேஆர்எஃப் கையில் வைத்துக்கொண்டே, வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு தனியார் பள்ளி வேலைக்குப் போனவர்களின் கடிதங்களை நான் கோப்பில் சேர்த்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் 'சொந்தக் காரணங்கள்' என்றுதான் எழுதுவார்கள். அலுவலகத்துக்கும் அந்தச் சொல் வசதி.

ஒரு தடவை பணம் வர ஆரம்பித்தால் நிம்மதி என்றும் இல்லை. மாதாமாதம் நாங்கள் உறுதி செய்ய வேண்டும். பொங்கல் விடுமுறை, தேர்தல் பணி, மேக்கருக்கு டைபாய்டு, எதுவாக இருந்தாலும் அந்த மாதம் தவறினால் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும். பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோருக்கான தேசிய உதவித்தொகைகளை 2022இல் யுஜிசியிடமிருந்து எடுத்து அந்தந்த அமைச்சகத்தின் கீழுள்ள நிதிக் கழகங்களிடம் கொடுத்தார்கள். அப்போது எங்கள் மேஜையில் பழைய பட்டியல் ஒரு பக்கம், புதிய படிவம் ஒரு பக்கம், நடுவில் மாணவர்கள். இரண்டு ஆண்டு முடிந்து எஸ்ஆர்எஃப் ஆக உயர்த்துவதற்கு வெளி நிபுணர் ஒருவரோடு குழு கூட வேண்டும். அந்த நிபுணரின் தேதிக்காகக் காத்திருந்து, 42,000 வாங்க வேண்டியவர்கள் 37,000இலேயே நிற்பது தனிக்கதை.

இன்னொரு செலவைப் பற்றி யாரும் எழுதுவதில்லை: கன்டின்ஜென்சி, அதாவது ஆய்வின் சில்லறைச் செலவுகளுக்கான தொகை. கலைப் பாடங்களுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் ஆண்டுக்கு 10,000, பிறகு 20,500. அறிவியலுக்கு 12,000, பிறகு 25,000. மாத உதவித்தொகையை உயர்த்தியவர்கள் இதைத் தொட மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். அந்த வில்லுப்பாட்டு மாணவிக்கு ஆய்வுக்களம் என்றால் கோயில் கொடைதான், எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா. பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் சுடலைமாடன் கோயில் கொடைகளில் இரவு முழுக்க உட்கார்ந்து பதிவு செய்வாள். விடிய விடிய வில்லடிக்கிறவர்களை மறுநாள் வீட்டில் போய்ப் பார்த்தால் வெறுங்கையோடு போக முடியுமா? பாடுகிற அண்ணாவிக்கு ஐந்நூறு, குடம் அடிப்பவருக்கு இருநூறு, உடுக்கைக்காரருக்கு இருநூறு என்று கொடுத்திருந்தாள். வெற்றிலை பாக்கு வேறு. பில் கேட்டால்? உடுக்கை அடிக்கிறவர் ஜிஎஸ்டி எண் வைத்திருப்பாரா? தணிக்கையில் நிறுத்திவிட்டார்கள். ஜெராக்ஸ் கடை பில்லும் புத்தகக் கடை பில்லும் வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் ஆகும். அதனால் களத்துக்குப் போகிற பிள்ளைகள் ஜெராக்ஸ் கடையில் வெற்று பில் வாங்கி வைக்கப் பழகிக்கொள்கிறார்கள். தகவல் தந்தவரின் கையெழுத்தோடு கைச்சீட்டு வைத்தால் போதும், கைடு சான்றளிக்கட்டும் என்று நிதிக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் முடிகிற வேலை. அந்தப் பெண்ணுக்கு அவளுடைய கைடு தன் கையிலிருந்து கொடுத்தார். அவரும் நல்ல மனிதர், ஆனால் எல்லோருக்கும் அப்படி ஒருவர் வாய்க்க மாட்டார்.

என் அண்ணன் மகன் ஜெர்மனியில் வேதியியலில் ஆய்வு செய்கிறான். அங்கே பேராசிரியர் வேலைக்கு ஆள் எடுப்பதுபோல விளம்பரம் கொடுக்கிறார், இவன் தன்விவரமும் கடிதமும் அனுப்பினான், காணொளியில் பேசினார்கள், ஒப்பந்தம் வந்தது. பல்கலைக்கழகச் சம்பளப் பட்டியலில் அரசு ஊழியர்களுக்கான ஒரு நிலையில் பாதி அல்லது முக்கால் பங்கு என்று வைத்து, முதல் மாதக் கடைசியிலேயே பணம், மருத்துவக் காப்பீடும் சேர்த்து. நம்மால் அப்படி முடியாது என்பார்கள். முழுவதும் வேண்டாம், முதல் மாதப் பணம் முதல் மாதத்தில் என்கிற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே.

நான் கேட்பது இதுதான். ஜேஆர்எஃப், தேசிய உதவித்தொகை, முதலமைச்சர் உதவித்தொகை என்று எதுவாவது உறுதியான மாணவருக்கு, சேர்ந்த மாதத்திலிருந்தே பல்கலைக்கழகம் மாதம் 15,000 ரூபாய் முன்பணம் கொடுக்க வேண்டும். நிலுவை வந்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு சுழல்நிதி போதும். ஓராண்டில் 50 பேர் சேர்கிறார்கள், ஆளுக்கு ஆறு மாதம் என்று வைத்தால் 45 லட்சம். ஒருமுறை போட்ட பணம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். பட்டமளிப்பு விழாப் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் ஆகிற செலவை நானும் பார்த்தவள்தான், இது முடியாத தொகை இல்லை. பல்கலைக்கழகங்களே சம்பளத்துக்குத் தடுமாறுகின்றன என்றால் உயர்கல்வித் துறை அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் கொடுக்கட்டும்.

இதற்கு முன்மாதிரி தேடி எங்கேயும் போக வேண்டாம். எங்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பண்டிகை முன்பணம் கொடுத்து, பத்துத் தவணையில் சம்பளத்தில் பிடிக்கிற நடைமுறை பல காலமாக இருக்கிறது. ஒரு பதிவேடு, ஒரு எழுத்தர், முடிந்தது கதை. அதே பதிவேட்டில் இன்னொரு பத்தி கோடு போட்டால் போதும்.

மாணவர் ஆய்வைப் பாதியில் விட்டுப் போய்விட்டால் முன்பணம் போய்விடாதா என்று நிதி அலுவலர் கேட்பார். கேட்க வேண்டியதுதான், அது அவர் வேலை. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைக்க முடியாது, யுஜிசி தடுத்திருக்கிறது, நல்ல உத்தரவு. ஒரு ஜாமீன்தாரரின் கையெழுத்தோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். நிலுவை முதலில் பல்கலைக்கழகத்தின் பிடித்தத்தைத் தாண்டித்தான் மாணவருக்குப் போகும் என்று ஒப்புதல் வாங்கலாம். எப்படி இருந்தாலும் ஆய்வேடு சமர்ப்பிக்க நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வேண்டும். அதையும் மீறி ஒருவர் இருவர் பணத்தோடு போனால் போகட்டும். அந்த நட்டத்தையும், கம்மலை மீட்க முடியாமல் ஆய்வை விட்டவர்களின் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

இன்னும் ஒன்று, இதற்குச் செலவே இல்லை. சேர்க்கை அறிவிப்பு வெளியிடும்போது எந்தக் கைடிடம் எத்தனை இடம் காலி என்று போடுவதுபோல, கடந்த ஆண்டு சேர்ந்தவர்களுக்கு முதல் உதவித்தொகை சேர்ந்த எத்தனையாவது மாதத்தில் போனது என்றும் போடட்டும். பெயர் வேண்டாம், மாதம் மட்டும். எங்களைப் போன்ற பிரிவுகள் சுறுசுறுப்பாகிவிடும், நான் உத்தரவாதம்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். என் ஓய்வூதியமும் அதே அலுவலகத்திலிருந்துதான் வருகிறது, அதுவும் எல்லா மாதமும் முதல் தேதியில் வருவதில்லை.

இந்த ஆண்டு சேரப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஜாயினிங் ரிப்போர்ட்டை இரண்டு படி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் இன்வர்ட் எண்ணும் (தபால் வரவுப் பதிவு எண்) தேதி முத்திரையும் வாங்கிவிடுங்கள். வங்கியில் போய் ஆதார் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள், இணைத்திருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பது போதாது. உங்கள் பல்கலைக்கழகத்தில் மேக்கர் யார், செக்கர் யார் என்று தெரிந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்திலேயே போய் முகத்தைக் காட்டுங்கள். ஜன்னலுக்கு வெளியே நிற்காதீர்கள், உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரிவுக் கண்காணிப்பாளர்,
சங்கரன்கோவில்